கறுப்பு மட்டும் ஏன் இத்துப்போகிறது?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பழைய துணிகளைத் தேடி வாங்கி, எனக்கு வேண்டிய உடைகளை நானே தைத்துக்கொள்கிறேன். சமீபத்தில் மிகப் பழைய அச்சுப் பருத்தி ஒன்று கிடைத்தது. சிவப்புப் பூக்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. பூக்களைச் சுற்றியுள்ள கறுப்புக் கோடுகள் மட்டும் தொட்டாலே கிழிகின்றன. துணி ஒன்றுதான், வயதும் ஒன்றுதான். பிறகு எப்படி?"

துணியும் ஒன்று, வயதும் ஒன்று என்றால் குற்றவாளி வயது இல்லை. துணி பழசானால் தானாக இத்துப்போகும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். லண்டனில் பெட்ரி அருங்காட்சியகத்தில் எகிப்தின் தர்க்கானில் கிடைத்த ஒரு லினன் சட்டை இருக்கிறது. கை வைத்துத் தைத்தது. தோளிலும் கையிலும் மடிப்பு மடிப்பாகக் கொசுவம் பிடித்தது. கார்பன் கணிப்பின்படி அதற்கு 5,000 வயதுக்கு மேல். தைத்தவரின் கைவேலை இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. அதே சமயம், நூறு வயதுகூட ஆகாத துணி பெட்டியில் கிடந்தே பொடிந்துபோவதும் உண்டு. காலம் கொல்வதில்லை, அமிலம், ஒளி, உலோகம் இவைதான் கொல்கின்றன. வாசகியின் துணியில் வேலை பார்த்தது உலோகம் என்றே நினைக்கிறேன்.

முதலில் துணி எப்படி வலுவாக நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். பருத்தி ஏறக்குறைய முழுக்கச் செல்லுலோஸ். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் வளையங்கள் ஆயிரக்கணக்கில் கோத்த நீளச் சங்கிலி. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். கவனிக்க வேண்டியது, இந்தச் சங்கிலிகள் இழையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுவதில்லை என்பதை. பக்கத்துப் பக்கத்தில் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. நூலின் கதையும் இதேதான். ஒரு பருத்தி இழை பெரும்பாலும் 25 முதல் 30 மில்லிமீட்டர் நீளம்தான். அதில் நூற்ற நூல் கிலோமீட்டர் கணக்கில் போகிறது. முறுக்கில் ஒன்றின்மேல் ஒன்று நீளமாகப் படிந்திருப்பதால் உராய்வு விடுவதில்லை. இழைகளைக் குட்டையாக நறுக்கிவிட்டு அதே முறுக்கைக் கொடுத்தால் நூல் உருவிக்கொண்டு வந்துவிடும். மூலக்கூறு அளவிலும் சங்கிலி குட்டையானால் பிடிமானம் போய்விடும்.

எத்தனை வெட்டு விழுந்தால் போகும்? 8,000 குளுக்கோஸ் கொண்ட ஒரு சங்கிலியில் 7,999 இணைப்புகள் இருக்கும். அதில் வெறும் 7 இணைப்புகளைச் சம இடைவெளியில் வெட்டுங்கள். 1,000 வளையம் கொண்ட 8 துண்டுகள் கிடைக்கும். ஆயிரத்தில் ஒரு இணைப்புகூட உடையவில்லை. எடை அப்படியே இருக்கிறது, நிறம் அப்படியே இருக்கிறது, தொட்டாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் சங்கிலியின் நீளம் எட்டில் ஒன்றாகிவிட்டது. அதோடு, ஆரம்ப வெட்டுகளைத் துணி கண்டுகொள்வதே இல்லை; பிடிமானம் தேவைக்கு மேல் இருப்பதால் வலு மெதுவாகத்தான் குறைகிறது. நீளம் சில நூறு வளையங்களுக்கு இறங்கும்போதுதான் சரிவு செங்குத்தாகிறது. போன வருடம் நன்றாக இருந்த துணி இந்த வருடம் கையோடு வருவதற்குக் காரணம் இந்தச் சரிவுதான்.

இனி கறுப்புக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

பழைய காலத்து அச்சுப் பருத்தியில் சிவப்பையும் கறுப்பையும் எப்படி வாங்கினார்கள் தெரியுமா? இரண்டுக்கும் தனித்தனிச் சாயம் இல்லை. சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரம் போன்ற அலுமினிய உப்பை அச்சிடுவார்கள். கறுப்பு வர வேண்டிய இடத்தில் இரும்பு உப்பை அச்சிடுவார்கள். பிறகு முழுத் துணியையும் மேடர் செடியின் வேரிலிருந்து எடுத்த ஒரே சாயத்தொட்டியில் முக்குவார்கள். மேடர் நம் மஞ்சிட்டிக்குச் சொந்தக்காரச் செடி. சாய மூலக்கூறு அலுமினியத்தைப் பிடித்த இடம் சிவப்பாகும், இரும்பைப் பிடித்த இடம் கறுப்பாகும். அதாவது துணி ஒன்று, வயது ஒன்று, சாயத்தொட்டியும் ஒன்று. உலோகம் மட்டும் வேறு. ஆய்வகத்தில் உட்கார்ந்து திட்டமிட்டாலும் இவ்வளவு சுத்தமான ஒப்பீட்டுச் சோதனை அமையாது. யாரோ அச்சுக்காரர் தெரியாமலே தொடங்கிவைத்த சோதனையின் முடிவு வாசகியின் மடியில் கிடக்கிறது.

அலுமினியத்துக்கும் இரும்புக்கும் என்ன வேறுபாடு? சேர்மங்களில் அலுமினியம் எப்போதும் மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையிலேயே இருக்கும், அசையாது. இரும்பு அப்படியில்லை. இரண்டு இழந்த நிலைக்கும் மூன்று இழந்த நிலைக்கும் போய்ப்போய் வரும். இந்த ஊசலாட்டம்தான் வினை.

1876-ல் கேம்பிரிட்ஜில் ஹென்றி ஃபென்டன் என்ற மாணவர், டார்டாரிக் அமிலத்தில் இரும்பு உப்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்து, பிறகு காரம் விட்டபோது அழகான ஊதா நிறம் வருவதைக் கண்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார். 1894-ல் விரிவான கட்டுரையாக வெளியிட்டார். மிகக் கொஞ்சம் இரும்பு இருந்தாலே போதும், வினை மளமளவென்று நடக்கும் என்பது அவர் கண்டது. உள்ளே நடப்பது என்ன என்பதற்கு 1930களில் ஃபிரிட்ஸ் ஹாபரும் ஜோசப் வைஸும் விளக்கம் தந்தார்கள். இரண்டு இழந்த இரும்பு, பெராக்சைடுக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது. பெராக்சைடு இரண்டாக உடைகிறது. ஒரு பாதி சாதுவான ஹைட்ராக்சைடு அயனி. மறு பாதி ஹைட்ராக்சில் தனியுறுப்பு. ஜோடியில்லாத ஒற்றை எலக்ட்ரானோடு அலைவதால், எதிரில் எந்தக் கரிம மூலக்கூறு வந்தாலும் அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும். செல்லுலோஸிடமிருந்து பிடுங்கினால், தொடர்ந்து வரும் வினைகளில் சங்கிலி அறுகிறது.

துணியில் பெராக்சைடு எங்கிருந்து வந்தது? யாரும் ஊற்ற வேண்டாம். ஈரமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் போதும். இரும்பே ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து அதைப் படிப்படியாகப் பெராக்சைடாக்கிவிடும். மூன்று இழந்து நிற்கும் இரும்பு, ஒளியின் உதவியாலோ அக்கம்பக்கத்துக் கரிமப் பொருள்களிடமிருந்தோ மறுபடி ஓர் எலக்ட்ரானை வாங்கிப் பழைய நிலைக்குத் திரும்பும். அடுத்த சுற்று தொடங்கும். இரும்பு செலவாவதே இல்லை. துணி இருக்கும்வரை அதுவும் இருக்கும்.

இத்த இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சின்ன இலையின் ஓரம், பூவின் காம்பு, கோடு எந்தத் தடிமனோ அந்தத் தடிமனுக்குத் துணி இல்லை. ஓட்டையின் ஓரத்தில் நூல்கள் பழுப்பேறி, பிசிறில்லாமல் மொட்டையாக முறிந்திருக்கும். அதற்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளிச் சிவப்பு நூல் திடமாக நிற்கும். கத்தரித்தது போல எப்படி? ஹைட்ராக்சில் தனியுறுப்பின் ஆயுள் நானோநொடிக் கணக்கு. பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டர் போவதற்குள் எதையாவது தாக்கி முடிந்துவிடும். ஆகவே சேதம் இரும்பு இருக்கும் இடத்தோடு நின்றுவிடுகிறது. அச்சுக்கட்டையின் வரைபடத்தை வினை அப்படியே நகலெடுக்கிறது.

கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்புப் பொருளான டானினோடு அன்னபேதி என்ற இரும்பு சல்பேட்டைச் சேர்த்து வாங்கும் கறுப்பிலும் இதே தொல்லைதான். கூடுதலாக, அந்தச் சேர்க்கையில் கந்தக அமிலமும் உண்டாகிறது. அமிலம் சங்கிலியைத் தன் பங்குக்கு வெட்டும். நியூசிலாந்து மாவோரி மக்களின் பழைய மேலாடைகளில் இரும்புச் சேற்றில் கறுப்பாக்கிய நார் மட்டும் உதிர்வதும் இதனால்தான். 1890களில் வந்த கந்தகக் கறுப்பு என்ற செயற்கைச் சாயத்திலும் சிக்கல் தீரவில்லை. ஈரமான இடத்தில் பல காலம் வைத்தால் அதிலுள்ள கந்தகம் மெல்ல மெல்ல அமிலமாகிறது. பழைய துணிக் குவியலில் கறுப்பையும் கரும்பழுப்பையும் கண்டால் நான் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்.

தைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய துணியில் மஞ்சள் படிந்திருக்கிறது என்று ஆக்சிஜன் பிளீச் பொடியில் ஊறவைக்கிறோம். அந்தப் பொடி தண்ணீரில் கரைந்து தருவது ஹைட்ரஜன் பெராக்சைடுதான். துணியில் துருக்கறையோ இரும்புக் கறுப்போ இருந்தால், காற்று பல ஆண்டுகளில் செய்யும் வேலையை நாம் ஒரே இரவில் வாளிக்குள் முடித்துவைக்கிறோம். துருப்பிடித்த குண்டூசி இருந்த இடத்தில் காலையில் சின்ன ஓட்டை இருக்கும். ஆலைகளுக்கு இது தெரியும். பெராக்சைடில் வெளுக்கும்போது உலோகங்களை அடக்கிவைக்கும் பொருள்களைக் கூடவே கலக்கிறார்கள். வீட்டில் செய்ய வேண்டியது, துருக்கறையைச் சிட்ரிக் அமிலத்தில் முதலில் கரைத்து, பலமுறை அலசிவிட்டு, பிறகு வெளுப்பது. கறுப்புக் கோட்டின் மேல் இதைச் செய்யாதீர்கள். அங்கே கறையும் சாயமும் ஒரே பொருள். இரண்டும் சேர்ந்து போய்விடும்.

இரும்பை அடக்கவே முடியாதா? இரும்பு மையால் எழுதிய பழைய கையெழுத்துப் படிகளையும் இதே வினை அரித்துக்கொண்டிருந்தது. 1990களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தானியத் தவிட்டில் உள்ள ஃபைட்டேட்டைக் கையில் எடுத்தார்கள். அது இரும்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் அடைத்துக்கொள்ளும். பெராக்சைடு நெருங்க இடம் இருக்காது. காகிதத்துக்குக் கிடைத்த இந்த அக்கறை துணிக்கு அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். புதிய இழை கண்டுபிடிக்கிறேன் என்றால் பணம் ஓடி வருகிறது. இருக்கிற துணியை இன்னும் ஐம்பது வருடம் உடுத்த வழி தேடுகிறேன் என்றால் யார் தருவார்கள்? அரசர் கையெழுத்திட்ட காகிதத்துக்குக் காவலர்கள் உண்டு. யாரோ ஒருத்தி உடுத்திய பாவாடைக்கு இல்லை.

துவைக்கும் பேச்சு வந்ததால் ஒரு மூடநம்பிக்கையையும் தொட்டுவிடுகிறேன். சாயம் போகாமலிருக்க உப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள். உப்பு சாயத்தை இழையை நோக்கித் தள்ளும் என்பது உண்மை. அதனால்தான் சாயத்தொட்டியில் அதைப் போடுகிறார்கள். ஆனால் ஏற்கெனவே சாயமேற்றிய துணியில் அது பூட்டுப் போடாது. உப்புத் தண்ணீரில் இருக்கும்வரை சாயம் இறங்காது. "பார், நின்றுவிட்டது" என்போம். அடுத்த முறை வெறும் தண்ணீரில் போட்டால் இறங்கும். பருத்திக்கு வினிகரும் அப்படியே பயனற்றது. வெட்டுவதற்கு முன்பே இரண்டு மூன்று முறை துவைத்துவிடுங்கள். போகிற சாயம் போகட்டும், சுருங்குவதும் சுருங்கட்டும். ரேயான் என்றால் மட்டும் ஈரத்தில் முறுக்கிப் பிழியாதீர்கள். பருத்தி நனைந்தால் வலு கூடும்; ரேயான் நனைந்தால் வலுவில் பாதியளவு இழக்கும்.

கத்தரி வைக்கும் முன் ஒரு சோதனை. ஓரத்திலிருந்து பாவு நூல் ஒன்று, ஊடை நூல் ஒன்று உருவி இழுங்கள். நல்ல நூல் கொஞ்சம் நீண்டு, பிசிறு விட்டு அறும். இத்த நூல் 'டப்'பென்று முறியும். இரண்டு திசையும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. மடித்துவைத்த கோடு, வெயில் பட்ட ஓரம், கறுப்பு அச்சு என்று இடத்துக்கு இடம் பாருங்கள். பட்டாக இருந்தால் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். சுத்தப் பட்டு முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் நசுங்கும் கரியாகும். எரிந்த பிறகும் சாம்பல் நூல் வடிவத்திலேயே எலும்புக்கூடாக நின்றால், அது எடை கூட்ட வெள்ளீய உப்பு ஏற்றிய பட்டு. அதற்கு வைத்தியம் கிடையாது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், தைக்க வேண்டாம்.

வாசகியின் துணியில் சிவப்புப் பகுதி திடமாக இருந்தால் தாராளமாகத் தைக்கலாம். இழுவை விழும் இடங்களான அக்குள், தோள், இடுப்பு ஆகியவற்றில் கறுப்பு அதிகம் வராதபடி வெட்டுங்கள். முழுத் துணிக்கும் அடியில் மெல்லிய புதுப் பருத்தியை லைனிங்காக வைத்து, இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்துத் தைத்தால் இழுவையை உள்துணி வாங்கிக்கொள்ளும். 60 அல்லது 70 எண் ஊசி போதும். 70 என்றால் 0.7 மில்லிமீட்டர் குறுக்களவு. தையலை நெருக்கமாகப் போட்டால் பலம் என்று நினைக்க வேண்டாம், வலுவில்லாத துணியில் ஒவ்வொரு துளையும் நூலை அறுக்கும், 2.5 அல்லது 3 மில்லிமீட்டர் தையல் வைத்துக்கொள்ளுங்கள். நூல் பருத்தியாகவே இருக்கட்டும். பாலியஸ்டர் நூல் துணியைவிட வலுவானது. இழுவை வந்தால் தையல் தாங்கும், துணி கிழியும். பருத்தி நூல் என்றால் முதலில் தையல் விட்டுப்போகும், அதை மறுபடி போட்டுக்கொள்ளலாம்.