நூறாண்டு ஆனாலும் ஆர்சனிக் ஆர்சனிக்தான்: விந்தைப் பொருள்களைச் சேர்க்கும் படைப்பாளிகளுக்கு

பழைய கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்து வைக்கப்பட்ட ஒரு பறவையை ஓவியர் ஒருவர் எங்கள் ஆய்வகத்துக்கு எடுத்து வந்தார். இறகுகளின் மங்கிய நிறத்தை மீட்க முடியுமா என்பது மட்டுமே அவருடைய கேள்வி. பெட்டியைத் திறந்து, வரையும் தூரிகையாலேயே தூசு தட்டி, கண்ணைச் சுற்றியும் அலகின் அடியிலும் படிந்திருந்த வெண்பொடியைப் பூஞ்சை என்று எண்ணித் துடைத்துவிட்டு, அதைத் தம் மேசைமேல் வைத்து வாரக்கணக்கில் வரைந்திருக்கிறார். அந்தப் பொடி ஆர்சனிக்காக இருக்க வாய்ப்பு மிகுதி என்றபோது, "நூறு வருஷம் ஆகிவிட்டதே, இன்னுமா அதில் விஷம் இருக்கும்?" என்று கேட்டார். அருங்காட்சியகப் பொருள்களைப் பேணும் பணியில் இருக்கும் எங்களிடம் சிற்பிகளும் நாடகக்காரர்களும் புகைப்படக் கலைஞர்களும் மாறி மாறிக் கேட்கும் கேள்வி இது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கிச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

விந்தைப் பொருள்களைச் சேர்க்கும் ஆசையை நான் குறை கூறவில்லை. கோபன்ஹேகனில் ஓலே வோர்ம் என்ற மருத்துவர் ஓர் அறை நிறையச் சேர்த்து வைத்திருந்த எலும்புகளும் கிளிஞ்சல்களும் கொம்புகளும் 1655இல் அச்சான ஒரு செதுக்கோவியத்தின் வழியாக இன்றும் கற்பனையைத் தூண்டுகின்றன. உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் வரைந்த நுண்ணிய கடலுயிரிகளின் ஓடுகளைப் பார்த்துத்தான் 1900ஆம் ஆண்டின் பாரிஸ் பொருட்காட்சிக்கு கட்டடக் கலைஞர் ரெனே பினே நுழைவாயில் வடிவமைத்தார். பார்த்து வியப்பதற்கு நான் தடை சொல்லவில்லை. திறப்பதும் தட்டுவதும் தேய்ப்பதும் வெட்டுவதும்தான் என் கவலை.

மருந்து காலாவதியாகிறது, சாயம் வெளுக்கிறது, வாசனைத் திரவியம் மணம் இழக்கிறது. ஆகவே நஞ்சும் நாளடைவில் நீர்த்துப்போகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆர்சனிக் ஒரு தனிமம். சிதைந்து வேறொன்றாக மாறுவதற்கு அதில் எதுவுமில்லை. தோல் மக்கி, இறகு உதிர்ந்து, உள்ளே திணித்த வைக்கோல் தூளான பிறகும் பூசப்பட்ட ஆர்சனிக் அங்கேயேதான் இருக்கும். பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் கலந்த சோப்பைத் தோலின் உட்புறம் பூசும் முறையை 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பெக்கர் என்பவர் உருவாக்கினார். அது 20ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. சொல்லப்போனால் பொருள் பழையதாக ஆக நிலைமை மோசமாகிறது. தோல் காய்ந்து வெடிக்கும்போது, உள்ளே ஒட்டிக் கிடந்தது தையல் வழியாகவும் கால்களின் அடியிலும் பொடியாக வெளிவருகிறது. பூச்சி அரிக்காமல் நூறாண்டு நிற்கும் பறவையைப் பார்த்து "எவ்வளவு நன்றாக இருக்கிறது!" என்று மகிழ்பவர்கள், அது ஏன் அப்படி இருக்கிறது என்றும் ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

நிறத்தின் கதையும் இதுவே. வேதியியலாளர் ஷீலே 1775இல் உருவாக்கிய பச்சையும், 1814இல் ஷ்வைன்ஃபர்ட் நகரில் தயாரான மரகதப் பச்சையும் செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த சேர்மங்கள். சுவர்க் காகிதம், செயற்கைப் பூக்கள், புத்தக அட்டைத் துணி எனப் பலவற்றில் இவை பூசப்பட்டன. அமெரிக்காவின் விண்டர்தர் அருங்காட்சியகம் 2019 முதல் இத்தகைய பச்சை அட்டைப் புத்தகங்களைத் தேடி அடையாளம் கண்டு வருகிறது. நீங்களோ, அந்தப் பச்சை அழகாக இருக்கிறது என்று அட்டையைக் கத்தரித்து ஒட்டோவியம் செய்கிறீர்கள்! புறஊதா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டதாகச் சொல்லாதீர்கள். அந்த வெளிச்சத்தை நம்பி ஆர்சனிக் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. எக்ஸ்கதிர் ஒளிர்வுக் கருவி சில நிமிடங்களில் சொல்லிவிடும்; அது பல அருங்காட்சியகங்களிலும் பல்கலைக்கழக ஆய்வகங்களிலும் இருக்கிறது.

இருளில் ஒளிர்ந்த பழைய கடிகார முகப்புகளைப் பற்றியும் அதே நம்பிக்கை நிலவுகிறது: ஒளி நின்றுவிட்டது, ஆகவே ஆபத்தும் தீர்ந்தது. ஒளிர்ந்தது துத்தநாக சல்பைடு. சில ஆண்டுகளிலேயே சேதமடைந்து மங்கியதும் அதுதான். அதை ஒளிரச் செய்த கதிரியக்கப் பொருளான ரேடியம் 226இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1600 ஆண்டுகள். நூறு ஆண்டுகளில் குறைவது ஏறக்குறைய 4 சதவீதம் மட்டுமே. தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூர்மையாக்கி அம்முகப்புகளுக்கு வண்ணம் தீட்டிய அமெரிக்க இளம்பெண்களில் பலர் தாடை எலும்பு அழுகி இறந்தார்கள். கடிகார உறுப்புகளால் நகையும் சிற்பமும் செய்பவர்களே, ஒளிர்ந்த எண்கள் கொண்ட பழைய கடிகாரத்தைத் தயவுசெய்து திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து நச்சுவாயு முகமூடிகள் பலவற்றின் வடிகட்டியில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டு. நாடகத்துக்கோ புகைப்படத்துக்கோ அணியவே கூடாது. சிவந்த மனோசிலைப் படிகம் வெளிச்சம் பட்டால் மஞ்சள் பொடியாக உதிரும். அதிலும் ஆர்சனிக் உண்டு. பாதரசம் கலந்த சிவப்புக் கனிமமான சாதிலிங்கத்தைச் சூடாக்கினால் பாதரச ஆவி எழும். யுரேனியம் கலந்த கண்ணாடியைக் கண்டு அலற வேண்டியதில்லை. அலமாரியில் வைத்து ரசிக்கலாம், வெட்டவோ தேய்க்கவோ கூடாது.

பாடம் செய்த பழைய உயிரினம் எதுவாயினும், சோதிக்கும்வரை அதில் ஆர்சனிக் இருப்பதாகவே கொள்ளுங்கள். கண்ணாடிப் பெட்டியைத் திறக்காமல் வரையுங்கள். பெட்டி இல்லையென்றால், நைட்ரைல் கையுறை அணிந்து, மூடிய ஒளிபுகும் பெட்டி ஒன்றுக்குள் வைத்துவிடுங்கள். தூரிகையால் தட்ட வேண்டாம். வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம், அது நுண்தூசியை அறை முழுவதும் ஊதிப் பரப்பும். அந்த மேசையில் காபி குடிக்காதீர்கள். குழந்தைகளின் கைக்கு எட்டவிடாதீர்கள். வேண்டாம் என்று தோன்றினால் எரிக்காமலும் குப்பையில் போடாமலும் அபாயக் கழிவுகளைப் பெறும் துறையிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே தூசு தட்டிவிட்டவர்கள் பதறாமல் மருத்துவரைப் பாருங்கள். என்ன பொருளை எத்தனை நாள் கையாண்டீர்கள் என்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆர்சனிக்கைச் சந்தேகிக்க அவருக்குக் காரணமே இருக்காது. சிறுநீர்ச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தால், அதற்கு முந்தைய சில நாட்கள் மீனும் பிற கடல் உணவும் உண்ணாமல் இருங்கள். அவற்றில் இயல்பாகவே உள்ள, பெரிதும் தீங்கற்ற ஆர்சனிக் சேர்மங்கள் சோதனை முடிவைக் குழப்பிவிடும்.