அவசரச் சட்டம்: சொல் விளக்கம்

2017 ஜனவரியில் அலங்காநல்லூரில் கூடியிருந்தவர்கள், ஆளுநர் ஜனவரி 21 அன்று பிறப்பித்த ஜல்லிக்கட்டு அவசரச் சட்டம் போதாது, 'நிரந்தரச் சட்டம்' வேண்டும் என்றனர். போட்டியைத் தொடங்கி வைக்க மதுரை வந்த முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம், தொடங்கி வைக்காமலே சென்னை திரும்பினார். அரசமைப்பில் இடம்பெறாத அந்தச் சொற்றொடரைக் கொண்டு ஊர்மக்கள், 'அவசரச் சட்டம்' என்ற பெயர் சொல்லாமல் விட்டதை, அதாவது அது தற்காலிகமானது என்பதை, சொல்லிவிட்டனர்.

அவசரச் சட்டத்துக்கான ஆங்கிலச் சொல்லான 'ஆர்டினன்ஸ்' என்பதன் வேர், 'ஒழுங்குபடுத்து' எனப் பொருள்படும் இலத்தீன் வினை. அதில் அவசரத்துக்கு இடமே இல்லை. வடமொழியில் 'அவசர' என்றால் தக்க சமயம். தெலுங்கில் அது தேவையைக் குறிக்க, தமிழில் விரைவையும் பதற்றத்தையும் குறிக்கலாயிற்று. ஆகவே இச்சொல்லை நாம் உச்சரிக்கும்போதே, அவசரம் இருந்தது என்ற அரசின் வாதத்தை விசாரிக்காமல் ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

அரசமைப்பின் 213-ஆம் உறுப்பின்படி, சட்டமன்றம் கூடியிராதபோது உடனடி நடவடிக்கை தேவை என்று கருதினால், அமைச்சரவையின் ஆலோசனையோடு ஆளுநர் இதைப் பிறப்பிக்கலாம்; குடியரசுத் தலைவருக்கு 123-ஆம் உறுப்பு. சட்டத்துக்குள்ள வலிமை முழுவதும் இதற்கும் உண்டு என்றாலும், இது சட்டமன்றத்தின் அதிகாரத்தை நிர்வாகம் இரவல் வாங்கும் ஏற்பாடுதான். மன்றம் மீண்டும் கூடியதும் அதன் முன் வைக்க வேண்டும். கூடிய நாளிலிருந்து ஆறு வாரங்களில் காலாவதியாகும். மறுப்புத் தீர்மானம் நிறைவேறினால் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

இரவலைத் திருப்பித் தராத மாநிலமும் உண்டு. பீகார் அரசு 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்களைப் பிறப்பித்து, அவற்றுள் சிலவற்றைச் சட்டமன்றத்துக்குக் கொண்டு போகாமலே மறுபடியும் மறுபடியும் பிறப்பித்துப் பத்தாண்டுகளுக்கு மேல் நடத்தியது. பொருளியல் பேராசிரியர் டி.சி. வாத்வா தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் இதனை அரசமைப்பின் மீதான மோசடி என்றது. அலங்காநல்லூர் போராட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு, 2017 ஜனவரி 2 அன்று, அதே நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, அவசரச் சட்டத்தைச் சட்டமன்றத்தின் முன் வைப்பது கட்டாயம் என்று தீர்ப்பளித்தது.

தமிழில் 'இடைக்கால ஆணைச்சட்டம்' என்பதே பொருந்தும் என்பது என் கருத்து: பிறப்பித்தது நிர்வாகம் என்பதை 'ஆணை' காட்டும், ஆயுள் குறுகியது என்பதை 'இடைக்காலம்' காட்டும். நாளிதழ்த் தலைப்புக்கு நீளம்தான்.

ஜனவரி 23 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஜல்லிக்கட்டு மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றியது. பிப்ரவரி 10-இல்தான் அலங்காநல்லூர் வாடிவாசலில் காளைகள் அவிழ்க்கப்பட்டன.