கரும்புகை வந்தால்தான் புகையா?

வடசென்னையில் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாக டிபன் கடை போட்டிருக்கும் அக்கா ஒருவர் போன வாரம் வந்தார். பீடி, சிகரெட் வாடையே ஆகாது, வீட்டில் யாரும் பிடிப்பதில்லை, கேஸ் அடுப்புதான். ஆனால் நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி குழாயில் ஊதச் சொன்னால் பாதியிலேயே மூச்சு நின்றுபோகிறது. கடைக்கு முன்னால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிறதே, அந்தப் புகையும் காரணம் என்றேன். சிரிக்கிறார். "இப்போல்லாம் கரும்புகையே வர்றதில்லையே டாக்டர்!" இதே பதிலை இன்னும் எத்தனை பேரிடம்தான் கேட்பது?

கருப்பாக வந்தால்தான் கெடுதல் என்று யார் சொன்னது? கண்ணுக்குத் தெரியும் கரித்தூளில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும், தும்மினால் துப்பினால் போய்விடும். நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போவது பி.எம். 2.5 எனும் நுண்துகள், தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. அது எப்படி கண்ணில் படும்? டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012லேயே சேர்த்துவிட்டது. நிறம் பார்த்துச் சேர்க்கவில்லை. உடனே "புகைச் சோதனை சர்டிபிகேட் இருக்கு சார்" என்பார்கள் டிரைவர்கள். அந்தச் சோதனை வண்டியை நிறுத்திவைத்து, ஆக்சிலரேட்டரை மிதித்து, டீசல் புகை எவ்வளவு அடர்த்தி என்று பார்ப்பதோடு சரி. நுரையீரலை எரிக்கும் நைட்ரஜன் ஆக்சைடு வாயு அதில் கணக்கிலேயே வராது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 எனும் புதிய வாகனப் புகை விதி வந்து டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கில் இருந்து 10 ஆனது நல்ல விஷயம்தான், ஆனால் அதற்கு முந்தைய லாரிகள் எல்லாம் மாயமாகிவிட்டனவா என்ன?

கொள்கை போடுபவர்களுக்கும் இதே பார்வைக் கோளாறு உண்டு. சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரி தூசி ராயபுரத்து மாடிகளில் கருப்பாகப் படிந்தது, எல்லோர் கண்ணிலும் பட்டது, வழக்கானது, 2011ல் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் அங்கிருந்து வெளியேறின. (எண்ணூருக்குப் போயின. அது வேறு வயிற்றெரிச்சல்.) கண்ணில் படாத லாரிப் புகைக்கு அந்த வேகம் இல்லை.

2021ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது, பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் கட்டணம் இல்லை என்றானது, 2025ல் வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பின. எல்லாவற்றுக்கும் நன்றி. ஆனால் இவை ஆள் போகும் வண்டிகள், சரக்கு எதில் போகிறது? துறைமுகத்துக்குள்ளேயே தண்டவாளம் இருக்கிறது, ஒரு டன் சரக்குக்கு ரயில் எரிப்பது லாரியைவிட மிகக் குறைவு, இருந்தும் இங்கே பேச்செல்லாம் மேம்பாலத்தைப் பற்றித்தான். துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை வந்தால் வரிசை குறையலாம், ஆனால் மேலே ஓடினாலும் டீசல் டீசல்தானே! லாரி காத்திருக்க ஊருக்கு வெளியே யார்டு, நேரம் ஒதுக்கிக் கூப்பிடும் முறை, முடிந்தவரை கன்டெய்னர் பெட்டியெல்லாம் ரயிலில். கேட்பது இவ்வளவுதான்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது. டிரைவர் தம்பிகளே, வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணையுங்கள், முதலில் அந்தப் புகையைக் குடிப்பது நீங்கள்தான். பிள்ளையைப் பைக்கின் டேங்க் மேல் உட்காரவைத்து லாரிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகாதீர்கள், சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. பள்ளிக்கு நடந்தால் உள்தெரு வழியாகப் போங்கள், சுற்றானாலும் பரவாயில்லை. கர்சீப் கட்டினால் நுண்துகள் நிற்காது, கட்டியே ஆகவேண்டும் என்றால் என்95. கவுன்சிலர் வரும்போது தெருவிளக்கோடு நடைபாதையையும் தயவுசெய்து கேளுங்கள். நடக்க இடமில்லாததால்தானே கால் கிலோமீட்டருக்கும் வண்டியை எடுக்கிறோம்.

இன்ஹேலர் பழகிவிடும் என்று பாதியில் நிறுத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு கட்டுரை வருகிறது, திட்டு அதில்.