பக்கத்து வெள்ளிகள் இன்னும் எண்ணி முடியவில்லை

உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பிரேம் போட்ட சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். கனடாவில் இருக்கிற மாமா அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு வெள்ளியை வாங்கி, அதற்கு அவளின் பெயரையே வைத்திருக்கிறாராம். "சேர், இது எங்க நிக்குது எண்டு காட்டுவீங்களோ?"

(யாழ்ப்பாணத்தில் எந்த நட்சத்திரமும் எங்களுக்கு வெள்ளிதான். கோளோடு குழப்பவேண்டாம்.)

நட்சத்திரங்களுக்கு அதிகாரபூர்வமாகப் பெயரிடுவது சர்வதேச வானியல் ஒன்றியம். அது பெயர்களை விற்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு தரும் சான்றிதழ் சுவருக்கு அழகு, அவ்வளவுதான். சொன்னதும் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. "பேர் வாங்கேலாது. ஆனா புதுசா ஒண்டைக் கண்டுபிடிக்கப் பார்க்கலாம்" என்றேன். அவள் நம்பவில்லை.

அவளைக் குறை சொல்ல முடியாது. தூரத்தில் இருப்பதுதான் தெரியாது, கிட்ட இருப்பதெல்லாம் எப்போதோ கண்டாயிற்று என்றுதான் பெற்றோரும் நினைக்கிறார்கள். விஷயம் மறுவளம். சூரியனைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களில் பெரும்பான்மை செங்குறுமீன்கள், அதாவது சிறிய, மங்கலான சிவப்பு நட்சத்திரங்கள். அவற்றில் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் கிட்டிய புரொக்சிமா செந்தோரி 4.24 ஒளியாண்டில் இருந்தும், 1915இல்தான் பிடிபட்டது.

அவற்றைவிடவும் மங்கலானவை, முழு நட்சத்திரமாக முடியாமல்போன பழுப்புக் குறுமீன்கள். வியாழனைப்போல் ஏறக்குறைய 75 மடங்கு திணிவாவது இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற ஐதரசன் அடுப்பு தொடர்ந்து எரியாது. பிறந்தபோது இருந்த சூட்டை வைத்துக்கொண்டு ஆறிக்கொண்டே போகும். இப்படியானவை இருக்கலாம் என்று வானியலாளர் சிவ் குமார் 1960களின் தொடக்கத்திலேயே கணித்தார். சந்தேகமில்லாமல் கண்டது 1995இல். 2014இல் அறிவிக்கப்பட்ட வைஸ் 0855 என்ற பழுப்புக் குறுமீன் 7.4 ஒளியாண்டில், தண்ணீர் உறையும் வெப்பநிலையை அண்டி நிற்கிறது. எங்கள் மார்கழிப் பனி அதைவிடச் சூடு. அது கட்புல ஒளியில் துலங்காது, அகச்சிவப்பில்தான் தேடவேண்டும்.

எனக்குப் பிடித்த கதை லூமன் 16. 6.5 ஒளியாண்டில், ஒன்றையொன்று சுற்றும் இரண்டு பழுப்புக் குறுமீன்கள். வானியலாளர் கெவின் லூமன் 2013இல் அறிவித்தார். 1916இல் பார்னார்டின் நட்சத்திரம் பிடிபட்டதற்குப் பிறகு, இவ்வளவு கிட்ட வேறெதுவும் அகப்பட்டிருக்கவில்லை. அறிவித்த பிறகு பழைய படங்களைப் புரட்டினால், 1978இல் எடுத்த படத்திலேயே நிற்கிறது! பால்வீதியின் நெரிசலுக்குப் பக்கத்தில் நின்றதால் யாருடைய கண்ணிலும் படவில்லை.

அப்படியானால் எப்படிப் பிடிப்பது? வல்லை வெளியால் பஸ்ஸில் போகும்போது பாருங்கள். கிட்ட நிற்கிற லைற் போஸ்ற் ஓடும், தூரத்துப் பனை அசையாமல் நிற்கும். வானத்திலும் கிட்ட இருப்பதுதான் வேகமாக இடம் மாறுவதுபோலத் தெரியும். ஆகவே ஒரே இடத்தை வருடக்கணக்கில் எடுத்த படங்களை மாறிமாறிப் பார்த்து, நகர்ந்தது எது என்று தேடவேண்டும். 2009 டிசம்பரில் ஏவிய, அகச்சிவப்பில் பார்க்கும் வைஸ் விண்தொலைநோக்கி அப்படியான படங்களை அள்ளித் தந்தது. இடையில் நித்திரையாக்கி, மீண்டும் எழுப்பி, 2024 வரை வேலை வாங்கினார்கள். அந்தப் படங்களைப் பொதுமக்களே பார்ப்பதற்காக நாசாவின் ஆதரவோடு 2017இல் தொடங்கியது 'பக்யார்ட் வேர்ல்ட்ஸ்' என்ற இணையத் திட்டம். அதற்குத் தொலைநோக்கி தேவையில்லை. பிள்ளைக்குத் தொலைநோக்கி வாங்கக் கடன்படப் போகிற தகப்பன்மாருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அவளும் போனில் தொடங்கினாள். மூன்றாம் நாள் ஓடிவந்தாள். "சேர், இஞ்ச பாருங்கோ, இது நகருது!" பக்கத்தில் பெரிய வெளிச்சப் பொட்டு. அதிலிருந்து தெறித்த பேய்விம்பம் அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொலைநோக்கி எதிர்ப்பக்கமாகத் திரும்பிப் பார்ப்பதால் அங்கும் இங்கும் தாவும். உண்மையான ஆள் தாவாது. ஒரே திசையில் ஆறுதலாகப் போகும். குளிர்ந்த குறுமீன் என்றால் அந்தப் படங்களில் செம்மஞ்சளாகத் தெரியும். பேய்விம்பத்தைப் பிடித்துக்கொண்டு முகநூலில் வெடி கொளுத்தின பொடியன்கள் என் வகுப்பிலும் உண்டு.

சில வாரம் கழித்து இன்னொன்று. செம்மஞ்சள் பொட்டு, தாவவில்லை, ஒரே திசை. எனக்கே நெஞ்சு கொஞ்சம் அடித்தது. இருவருமாக, ஏற்கெனவே தெரிந்த விண்பொருட்களைப் பதிந்துவைத்திருக்கும் சிம்பாட் தரவுத்தளத்தில் ஆள்கூற்றைப் போட்டுப் பார்த்தோம். ஏற்கெனவே பதிவாகியிருந்தது, பெயர் என்று பார்த்தால் ஒரு நீண்ட இலக்கம்.

அவள் கவலைப்படவில்லை. "அப்ப நான் பார்த்தது சரிதானே, சேர்?"

"சரிதான், பிள்ளை."

சான்றிதழ் இன்னும் அவர்களின் வீட்டுச் சுவரில் தொங்குகிறதாம். மாமாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை.