வனுவாட்டுவில் புயல் எச்சரிக்கை எப்படி உருவாகிறது?

2015 மார்ச் 13 இரவு, பாம் புயல் வனுவாட்டுவின் தலைநகரான போர்ட் விலாவை உரசிக்கொண்டு தெற்கே இறங்கியது. மணிக்கு சுமார் 250 கிலோமீட்டர் வேகக் காற்று. ஊர் ஊராகக் கூரைகள் பறந்தன, தோட்டங்கள் அழிந்தன. இருந்தும் உயிரிழப்பு பத்தைச் சற்றுத் தாண்டியதோடு நின்றது. மக்கள் நேரத்தோடு கான்கிரீட் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் ஒதுங்கியிருந்தார்கள். அவர்களை எச்சரித்தது சில அறைகளுக்குள் அடங்கிவிடும் ஓர் அரசுத் துறை. அது வேலை செய்யும் விதம் நாம் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

தென் பசிபிக்கில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் எண்பதுக்கு மேற்பட்ட தீவுகள்தான் வனுவாட்டு. மக்கள்தொகை ஏறக்குறைய மூன்று லட்சம். வானிலை, பருவநிலை, நிலநடுக்கம், சுனாமி, எரிமலை எல்லாவற்றையும் ஒரே துறை கவனிக்கிறது. டன்னா தீவின் யசூர் எரிமலை பல நூறு ஆண்டுகளாக ஓயாமல் குமுறுகிறது. 2017-இல் அம்பே தீவின் எரிமலை சீறியபோது தீவு மக்கள் அனைவரையும் வெளியேற்ற வேண்டியிருந்தது.

இவ்வளவு சிறிய நாட்டிடம் சொந்தமாகச் செயற்கைக்கோள் கிடையாது, புயலுக்குள் பறக்கும் விமானமும் கிடையாது. அப்படியானால் நடுக்கடலில் சுழலும் புயலின் வலிமையை எப்படி அளக்கிறார்கள்? மேகத்தின் வடிவத்தைப் பார்த்துத்தான். ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் அனுப்புகிறது. அதில் மேகப் பட்டைகள் மையத்தை எவ்வளவு தூரம் சுற்றி வளைத்திருக்கின்றன, புயலின் கண் எவ்வளவு வெப்பமாகவும் அதைச் சூழ்ந்த மேக உச்சிகள் எவ்வளவு குளிராகவும் இருக்கின்றன என்று பார்ப்பார்கள். இரண்டுக்கும் இடையே வேறுபாடு கூடினால் புயல் வலுத்திருக்கிறது என்று பொருள். 1970-களில் அமெரிக்க வானிலையாளர் வெர்னான் டிவோராக் வகுத்த முறை இது. பிஜியின் நாண்டியில் உள்ள வட்டாரப் புயல் எச்சரிக்கை மையம் புயலுக்குப் பெயரிட்டு, அதன் பாதையையும் கணித்துத் தருகிறது. பெரிய நாடுகளில் வானிலையைக் கணித்துச் சொல்லும் கணினி மாதிரிகளின் முடிவுகளும் இணையம் வழியே வந்துவிடுகின்றன.

ஆனால் உலக மாதிரிகளில் மிக நுட்பமானவையே பூமியை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் கட்டங்களாகத்தான் பார்க்கின்றன. போர்ட் விலா இருக்கும் எஃபாட்டே தீவின் நீளமே 40 கிலோமீட்டர் அளவுதான். ஒருநாள் முன்னதாகச் செய்யும் கணிப்பில், புயலின் மையம் பல பத்துக் கிலோமீட்டர் விலகிப்போவது இன்றும் இயல்பு. அந்த விலகலே ஒரு தீவு தப்புவதற்கும் அழிவதற்கும் இடையிலான தூரம். எந்த மலைச்சரிவில் மழை கொட்டும், எந்தக் கரையில் கடல் ஏறும் என்பதை உள்ளூர் நிலத்தை அறிந்தவர்தான் சொல்ல முடியும்.

சொன்னது கடைசித் தீவு வரை போய்ச் சேரவும் வேண்டும். இதற்கு வனுவாட்டு கையாளும் வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. நாட்டையும் சுற்றியுள்ள கடலையும் கட்டங்களாகப் பிரித்த ஒரு வரைபடம் மக்களிடம் இருக்கிறது. குறுக்கே எழுத்துகள், நெடுக்கே எண்கள். வானொலி அறிவிப்பில் அட்சரேகை, தீர்க்கரேகையோடு "புயல் இப்போது இன்ன எழுத்து, இன்ன எண் கட்டத்தில்" என்றும் சொல்வார்கள். அடுத்த அறிவிப்பில் அது எந்தக் கட்டத்துக்கு நகர்ந்தது என்று குறித்துக்கொண்டால், புயல் தங்கள் தீவை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்பது பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கும். திரையும் வேண்டாம், இணையமும் வேண்டாம். ஒரு வானொலியும் ஒரு தாளும் போதும். நூற்றுக்கு மேற்பட்ட தாய்மொழிகள் உள்ள நாட்டில், அனைவருக்கும் பொதுவான பிஸ்லாமா மொழியிலும் அறிவிப்பு வருகிறது.

இனி, இந்த ஏற்பாட்டுக்கு ஆகும் செலவு. இரவு பகல் விழித்திருக்க வேண்டிய ஒரே ஒரு மேசையை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் வேலை செய்தால் நான்கு பேர்கூடப் போதாது. விடுப்பு, நோய், பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்தால் ஐந்தாறு பேர் வேண்டும். எரிமலைக்கும் சுனாமிக்கும் இன்னொரு மேசை என்றால் அதுவே இரட்டிப்பாகும். அனுபவமுள்ள ஒருவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டால், பெரிய நாட்டில் அது ஒரு காலியிடம் மட்டுமே. இங்கோ முறைப்பட்டியலே குலைந்துவிடும்.

அளவீட்டுக் கருவிகளின் கதையும் இதுதான். கடற்காற்றின் உப்பு காற்றுமானியின் தாங்கியையும் மின்னிணைப்புகளையும் அரித்துத் தின்னும். வெளித்தீவு நிலையம் ஒன்று பழுதானால், உதிரிப்பாகம் கடல் கடந்து வர வேண்டும், பிறகு அதை மாட்டப் படகிலோ சிறு விமானத்திலோ ஆள் போக வேண்டும். மேல்வளி அளக்கும் பலூன் இன்னும் செலவு பிடிக்கும். ஹைட்ரஜனோ ஹீலியமோ நிரப்பிய பலூன் வினாடிக்கு சுமார் 5 மீட்டர் வேகத்தில் ஏறி, 30 கிலோமீட்டர் உயரம் வரை வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காற்றையும் சொல்லிவிட்டு வெடித்துவிடும். அதனோடு போகும் கருவி பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. நாளுக்கு இரண்டு பலூன் என்பது உலக வானிலை அமைப்பு 2021-இல் ஏற்ற அடிப்படை நெறி. அந்த அளவீட்டால் பயன்பெறுவது வனுவாட்டு மட்டுமல்ல. பரந்த கடலில் நேரடி அளவீடுகள் மிக அரிதான இடத்திலிருந்து வருவதால், பெரிய நாடுகளின் கணிப்புகளும் அதனால் துல்லியமாகின்றன.

பயன் எல்லோருக்கும் என்றால், செலவை மட்டும் ஒரு சிறு நாட்டின் தலையில் கட்டுவது நியாயமே அல்ல. நன்கொடைத் திட்டங்கள் புதிய நிலையங்களை ஆர்வத்தோடு நிறுவித் தருகின்றன. திட்டக்காலம் முடிந்தபின் பேட்டரி மாற்றவும் வாயு வாங்கவும் பணம் இருப்பதில்லை. இந்தக் குறையை உணர்ந்துதான் 2021-இல் ஐ.நா. சார்பில் ஒரு தனி நிதியம் தொடங்கப்பட்டது. கருவி வாங்குவதோடு நிற்காமல், தரவு தொடர்ந்து வருகிறதா என்று பார்த்து, நிலையத்தை நடத்தும் செலவுக்கும் அது பணம் தருகிறது. நிதி போதுமான அளவில் நீடித்து வந்தால், வெளித்தீவு நிலையங்களைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளரின் வேலை ஒரு திட்டத்தோடு முடிந்துபோகாது.