பாட்டு வராத நாட்கள்

அக்டோபர் கடைசியில் தொடங்கி டிசம்பர் பாதி வரைக்கும் என் ஆலோசனை அறைக்கு ஒரு தனி ரகமான ஆட்கள் வருவார்கள். கிறிஸ்துமஸ் நாடகம் எழுதித் தருவதாக ஒத்துக்கொண்ட ஞாயிறு பள்ளி டீச்சர், வீடுவீடாகப் பாடிப்போகும் கேரலுக்குப் புதுப்பாட்டு போடும் தம்பி, ஆலயப் பிரதிஷ்டை பண்டிகை மலருக்குக் கவிதை தர வேண்டிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் எந்தச் சபையை எடுத்தாலும் எழுதுகிறவர்கள், மெட்டுப் போடுகிறவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். வந்து உட்கார்ந்ததும் தூக்கம் வரவில்லை, தலைவலி என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து உண்மைச் சங்கதி வெளியே வரும்: "எழுத உட்கார்ந்தா ஒண்ணும் வரமாட்டேங்குது மேடம். கிருபை எடுபட்டுப் போச்சோன்னு பயமா இருக்கு."

அந்தப் பயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுத்து முட்டிக்கொண்டு நிற்பது எழுதுகிற எல்லாருக்கும் நேர்வது. அதன்மேல் குற்ற உணர்வும் ஏறிக்கொண்டால் ஆள் ஓய்ந்துபோகிறார். அதை ஏற்றிவிடுகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனசுக்காரர்கள். "ஜெபம் குறைஞ்சிருக்கும் தம்பி, உங்களையே சோதிச்சுப் பாருங்க" என்பார்கள். அவரோ ராத்திரியெல்லாம் அதைத்தான் செய்துகொண்டிருந்திருப்பார்.

நாங்குநேரிப் பக்கமிருந்து ஓர் இளைஞர் வந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தன் நோட்டைக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ஒரே பல்லவி. ஒன்றில் "உம் சமூகம்", அடுத்ததில் "உம் சந்நிதி", அப்புறம் மறுபடியும் "சமூகம்". அடித்து அடித்துச் சில இடங்களில் தாள் கிழிந்திருந்தது. சரணம் ஒன்றுகூட இல்லை. விசாரித்தால், ஒரு வரி எழுதியதும் யூடியூபில் அதே மாதிரியான பாட்டுகளைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். எழுதும்போதே தீர்ப்பும் சொல்லிக்கொண்டிருந்தால் மனசு பூட்டிக்கொள்ளும். இதில் ஜெபக்குறைவு எங்கே வந்தது? அவர் நிறையவே ஜெபித்தார், எழுத வேண்டிய நேரத்தையும் சேர்த்து. நோட்டைத் திறக்கப் பயந்து முழங்காலிலேயே இருந்துவிடுவதும் உண்டு. சொல்லச் சங்கடமாக இருந்தாலும், ஆலோசகராக இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வேதாகமத்தில் 13ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு, கடவுள்மேல் உள்ள வருத்தத்தை அப்படியே எழுதி வரச் சொன்னேன். ராகம், எதுகை எதுவும் வேண்டாம் என்றேன். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்டதை ஆலயத்தில் சத்தமாக வாசிக்கிறோம். நம் கேள்வியாகக் கேட்க மட்டும் நடுங்குகிறோம். அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். "இது பாட்டு இல்ல மேடம், சண்டை" என்றார். சண்டையேதான். ஆனால் அந்த நோட்டில் அடித்தல் இல்லாத முதல் பக்கம் அது.

அதற்குப் பிறகு ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டோம். காலையில் சின்னதாக ஒரு ஜெபம், உடனே அரைமணி நேரம் எழுத்து. போன் அடுத்த அறையில். திருத்துவது மறுநாள்தான். சரணங்கள் வந்தன. பாட்டு சுமார்தான், அவரே சொன்னார். கேரலில் பாடினார்கள். அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்.

இப்படி வருகிறவர்களுக்கு நான் அதிகம் சொல்வது பாருக்கைப் பற்றி. வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல எழுதியவர். அவர் எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். வேறொரு சுருள் எடுத்து எல்லாவற்றையும் மறுபடி எழுதினார்கள்; இன்னும் அநேக வார்த்தைகளும் அதில் சேர்ந்தன என்கிறது எரேமியா 36. அந்தப் பாருக்கும் சலித்துப்போனவர்தான். "என் தவிப்பினால் இளைத்தேன், இளைப்பாறுதலைக் காணாமற்போனேன்" என்று அவர் புலம்பியது 45ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே" என்று அவருக்குப் பதில் வருகிறது. யாரோ ஒருவருடைய லட்சக்கணக்கான பார்வைகளைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்களுக்கு அந்த வார்த்தை பெரிய விடுதலை. உயிரைக் காப்பேன் என்ற வாக்கும் அதோடு சேர்ந்தே வருகிறது.

கிருபை இருந்தால் மளமளவென்று வந்துவிடும் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. நம் ஊர் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல் கட்டிய ஆலயம் 1847இல் தொடங்கி 1880இல்தான் முடிந்தது. கரையிருப்பில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் கிறிஸ்தவக் காப்பியம் இரட்சணிய யாத்திரிகம் இதழில் பல ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலானது. டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து காயப்பட்டார். 1951இல் இறக்கும் வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயேதான். எழுத்தை விடவில்லை. முடிந்த வேலையைத்தான் நாம் பார்க்கிறோம், நடுவில் நின்றுபோன மாதங்களை யாரும் கல்வெட்டில் பொறிப்பதில்லை.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாட்டு மட்டும் வரவில்லை என்றால் அது வேறு. எதிலுமே பிடிப்பில்லாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் மனசு இருண்டே இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் ஆகாது. சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசியை தேவதூதன் கண்டிக்கவில்லை. தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்கவும் விட்டான்.

சபைப் பெரியவர்களிடமும் போதகர்களான ஐயர்மாரிடமும் ஒரு வேண்டுகோள். இப்படி ஒருவர் வந்து நின்றால், ஜெபித்தீர்களா என்று கேட்பதற்கு முன் நேற்று தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்தாலும் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூடவே போங்கள். ராத்திரி நேரமானாலும் அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸ் இலவச எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.