ரிம்முக்கு முன் டயர், டயருக்கு முன் மழை

கடந்த வைகாசியில் ஒரு சனிக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி தன் ஹொண்டா சிவிக்கை என் கராஜுக்குக் கொண்டுவந்தார். எஞ்சினில் வேலை செய்து, சஸ்பென்ஷனை மாற்றி, காரின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்துப் பதித்து, புதிதாக 18 அங்குல ரிம்மும் போட்டிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையில் 90ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்றார். "மூன்று இடத்தில் வீல் பலன்ஸ் பண்ணியாச்சு அண்ணா, ஒண்ணும் மாறல்ல."

நான் பலன்ஸ் மெஷின் பக்கம் போகவில்லை. முதலில் நட்டைத்தான் கழற்றினேன். முன் இடது சில்லில் இரண்டு நட் அவ்வளவாக விசை கொடுக்காமலே சுழன்றன.

ஹொண்டாவோடு வரும் நட்டின் அடி பந்துபோல் உருண்டிருக்கும். வெளியே வாங்கும் ரிம்களில் பெரும்பாலானவற்றின் துளையோ 60 பாகைக் கூம்பு. பந்தைக் கூம்பில் வைத்து முறுக்கினால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொடும். இறுக்கும்போது இறுகியது போலவே இருக்கும், ஓடஓடத் தளரும். நடுத்துளையிலும் பிழை இருந்தது. அந்தக் காரின் ஹப், அதாவது சில்லு உட்காரும் நடுக்குமிழ், 64.1 மில்லிமீற்றர், ரிம்மின் நடுத்துளை 73.1. இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங்கை யாரும் போட்டுக்கொடுக்கவில்லை. சில்லு நடுவில் உட்காராமல் நட்டுகளில் மட்டும் தொங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. பல லட்சம் செலவழித்தவருக்குச் சில ஆயிரம் ரூபாய்ச் சாமான் விடுபட்டுப்போயிருந்தது. அன்று பின்சீற்றில் அவருடைய தாயாரும் இருந்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதறும்.

இந்தக் காரில் மட்டும் நடந்த பிழை அல்ல இது. பிள்ளைகள் முதலில் ரிம்மை வாங்குகிறார்கள், அப்புறம் அதற்குப் பொருந்தும் டயரைத் தேடுகிறார்கள், கடைசியில்தான் வீதியை நினைக்கிறார்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன். எங்கே ஓட்டப்போகிறீர்கள், எந்த மழையில் ஓட்டப்போகிறீர்கள், அதற்கு எந்த டயர், அந்த டயருக்கு எந்த ரிம்.

கொழும்பில் வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. இந்த ஊரில் காருக்கு முதல் சோதனை தண்ணீர்தான். 1960களில் விமான ஓடுபாதைகளை வைத்து நாசா செய்த ஆய்வில் ஒரு கணக்கு வந்தது: டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால், தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் நொட்டில், அதாவது மணிக்கு இத்தனை கடல்மைல் என்று, கிடைக்கும். 32 பிஎஸ்ஐக்கு அது மணிக்கு ஏறக்குறைய 94 கிலோமீற்றர். காற்று 24க்கு இறங்கினால் 82 கூட இல்லை. பூ, அதாவது தரையைத் தொடும் பக்கத்தில் வெட்டிய காடிகள், நன்றாக இருக்கும் கார் டயர் தண்ணீரை வெளியே தள்ளிவிடுவதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. தேய்ந்த டயருக்கும் பூக் குறைந்த டயருக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும். நமது அதிவேக நெடுஞ்சாலைகளில் அனுமதித்த வேகமே 100 என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். டயர் அகலமானால் அது வீதியைத் தொடும் இடமும் பக்கவாட்டில் அகன்று நீளத்தில் குறுகிவிடும், தண்ணீரை வெளியேற்றும் வேலை இன்னும் கடினமாகும். அகலம் கூடினால் பிடிப்பும் கூடும் என்பது காய்ந்த வீதியின் பேச்சு.

அதனால்தான் செமி ஸ்லிக் டயரோடு, அதாவது காடி குறைந்த பந்தய டயரோடு, வருபவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். கார்ப் பந்தயம் நடக்கும் கட்டுகுருந்த ஓடுபாதையில் அது தங்கம். சூடேறியதும் அதன் ரப்பர் ஒட்டிக்கொள்ளும். கொழும்பின் காலி வீதி நெரிசலில், மழையில், அது சூடேறாது. பூவும் குறைவு. பம்பலப்பிட்டிச் சந்தியில் பிரேக் பிடித்தால் முன்னால் நிற்கும் பஸ்ஸில்தான் போய் நிற்கும். தினமும் ஓட்டும் காருக்கு ஆழமான நீள்காடி உள்ள ஸ்போர்ட்ஸ் டயர் போதும். கார்ப் பந்தயத்துக்கு வேறு ஒரு செட் வைத்துக்கொள்ளுங்கள்.

பாவித்த ஜப்பான் டயர் வாங்குபவர்கள் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். 3515 என்றால் 2015ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. பூ முழுதாக இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தால் தெரியும். பத்து வயது டயரை யார் கொண்டுவந்தாலும் நான் ரிம்மில் ஏற்றுவதில்லை.

சரி, அளவுக்கு வருவோம். அந்தத் தம்பியின் காருக்குக் கம்பனி கொடுத்தது 205/55 ஆர் 16: அகலம் 205 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில் 55 வீதம், ரிம் 16 அங்குலம். பக்கச்சுவரின் உயரம் ஏறக்குறைய 113 மில்லிமீற்றர். அவர் போட்டிருந்தது 225/40 ஆர் 18. பக்கச்சுவர் 90. மொத்த விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் குழியைத் தாங்கும் மெத்தையில் 23 மில்லிமீற்றர் போய்விட்டது. தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய குறுக்கு வீதிகளில் ரிம் நெளிவதும் டயர் வயிறு தள்ளுவதும் இதனால்தான். சுமைக் குறியீட்டையும் அவர் பார்க்கவில்லை. பழைய டயரில் 91, அதாவது ஒரு டயருக்கு 615 கிலோ. புதியதில் 88, 560 கிலோ. அதே அளவில் கூடுதல் சுமை தாங்கும் எக்ஸ்எல் வகை வாங்கியிருந்தால் 92 கிடைத்திருக்கும்.

ஓஃப்செட்டைக் கடைக்காரர் வாயிலிருந்து கேட்காதீர்கள், நீங்களே கணக்குப் பாருங்கள். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மில்லிமீற்றர் வெளியே தள்ளியிருக்கிறது என்பதே ஓஃப்செட்; 7ஜே என்றால் ரிம்மின் அகலம் 7 அங்குலம். 7ஜே, ஓஃப்செட் 45 இருந்த இடத்தில் 8ஜே, 35 போட்டால் ரிம்மின் வெளிவிளிம்பு ஏறக்குறைய 23 மில்லிமீற்றர் வெளியே வரும், உள்விளிம்பு 3 மில்லிமீற்றர் உள்ளே போகும். பதித்த காரில் அந்த 23தான் மட்காட்டில் உரசும், பெயரிங்கையும் சீக்கிரம் தின்னும். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் தட்டைப் போட்டாலும் இதே கதைதான்.

ஜப்பானின் ரேஸ் (Rays) நிறுவனத்தின் டிஈ37 ரிம் 1996இல் வந்தது. 15 அங்குல ரிம் ஒன்று 3.7 கிலோ, பெயரில் உள்ள 37 அதுதான். ஃபோர்ஜ் செய்த, அதாவது அழுத்தி உருவாக்கிய, அலுமினியம் அப்படி. அதே தோற்றத்தில் வார்த்த போலிகள் இங்கே நிறைய வருகின்றன. ஜப்பானிய ரிம் தரத்தைக் காட்டும் ஜேடபிள்யூஎல் முத்திரையையும் போலியாக அடித்துவிடுவார்கள், ஆனால் எடையை மறைக்க முடியாது. தராசில் வையுங்கள்.

நான்கு சில்லும் இழுக்கும் சுபாரு, மிட்சுபிஷி எவோ வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தேய்ந்த இரண்டு டயரை மட்டும் மாற்றாதீர்கள். நான்கு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக்கூடாது என்கிறது சுபாரு. 5 மில்லிமீற்றர் பூத் தேய்ந்தாலே சுற்றளவு 31 மில்லிமீற்றர் குறைந்துவிடும். அந்த வித்தியாசத்தை, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் விசையைப் பிரிக்கும் நடு டிஃபரென்ஷல் ஒவ்வொரு கிலோமீற்றரிலும் சுமக்கும். டயரில் மிச்சம் பிடித்த காசை கியர்பொக்ஸில் கட்டவேண்டி வரும்.

அந்தத் தம்பி இரண்டு வாரம் யோசித்துவிட்டு 18ஐ விற்றார். 17 அங்குலத்தில் 7.5ஜே ரிம், 215/45 எக்ஸ்எல் டயர், சுமைக் குறியீடு மறுபடி 91. கூம்பு நட்டும் ஹப் ரிங்கும் போட்டு 108 நியூட்டன் மீற்றருக்கு டோர்க் ரெஞ்சால் இறுக்கினேன். 100 கிலோமீற்றர் ஓடியபின் திரும்ப வரச்சொன்னேன். வந்தார், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. நட் எதுவும் அசையவில்லை.